உண்ணிக்குத் தயிர் ஆகாது

வலியசாலையிலிருந்து அப்பா எழுதுகிறேன். இதே திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். போனில் பேசினால் நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன் என்பது உனக்கும் தெரியும். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன், வீட்டில் நான் சொல்லிக்கொடுத்த தமிழோடு நின்றுபோனாய். அதனால் மெதுவாக வாசி. அனகாவுக்கும் வாசித்துக் காட்டு. இதில் அவளுக்குத் தெரியக்கூடாதது ஒன்றும் இல்லை. அவள் அப்பாவைப் பற்றி நிறைய இருக்கிறது, அதையும் விடாமல் வாசி.

போன வாரம் நீ கேட்டாய், ஜெர்மனிக்குப் போகும்போது உண்ணியை யாரிடம் விட்டுப் போவது, நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்து சொல்லுங்கள் என்று. இரண்டு பேர் என்றால் நானும் உன் மாமனாரும். ஒரு முயல் விஷயம்தானே என்று நீ லேசாகக் கேட்டுவிட்டாய். எனக்கு அது லேசான விஷயம் இல்லை. உண்ணி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் உங்கள் வீடியோ கால் வரும். நீங்கள் மூணாறு போனபோதும், அனகாவின் தோழி கல்யாணத்துக்குப் பெங்களூர் போனபோதும் உண்ணி வட்டியூர்க்காவில் உன் மாமனார் வீட்டில் இருந்தது. அங்கே காலையும் சாயங்காலமும் கால் போனது. எங்களுக்கு, போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று ஒரு மெசேஜ் வந்தது. நீ வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் உன்னோடு சண்டையாவது போட்டிருப்பேன்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மாமனார் வேணு சார் மேல் எனக்கு உன் கல்யாணத்தன்றிலிருந்தே பொறாமை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தங்கமான மனுஷர், அதுதான் கஷ்டம். ரிசப்ஷன் மேடையிலிருந்து நீ அவரை "அச்சா" என்று கூப்பிட்டாய். தண்ணீர் கேட்கத்தான் கூப்பிட்டாய். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், என் கையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. மலையாளப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் மாமனாரை வேறு எப்படிக் கூப்பிடுவான் என்று உன் அம்மா சமாதானம் சொன்னாள். அச்சன் என்றால் அப்பா என்று தெரியாத அளவுக்கு எனக்கு மலையாளம் மறந்துபோகவில்லை. அப்புறம் அவர் உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நம் அக்ரஹாரத் தெருவில் கார் நிறுத்த இடம் ஏது, நான் ஸ்கூட்டரிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க, நீ கிழக்கேகோட்டை நெரிசலில் ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாய். பிள்ளை நன்றாக ஓட்டுகிறான் என்று உன் அம்மா பூரித்துப்போனாள். பிரேக்கை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே போட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

முயலுக்கு நீங்கள் வைத்த பேரும் எனக்குப் பிடிக்கவில்லை. மலையாளத்தில் உண்ணி என்றால் சின்னக் குழந்தை, கொஞ்சிக் கூப்பிடுகிற பேர். தமிழில் அது நாயின் காதில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற பூச்சி. திருநெல்வேலியில் இருக்கிற உன் அத்தையிடம், ஆத்துக்கு உண்ணி வந்திருக்கு என்று உன் அம்மா போனில் சொல்லப்போக, அவள் பதறிப்போய் எந்த மருந்தைத் தெளிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் நாள் முழுக்கச் சிரித்தேன். அம்பி என்று வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அது எங்களிடம் வந்ததும் தற்செயல்தான். நீங்கள் விசாவுக்காகச் சென்னை போன சமயத்தில் வட்டியூர்க்காவு வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை முயலுக்கு ஆகாது என்று கூண்டோடு இங்கே கொண்டுவந்தாய். பெயின்ட்டுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். காய்ந்த புல் ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்து, புல்தான் முக்கியம், கொத்தமல்லி கொஞ்சம் கொடுக்கலாம், வேறு ஒன்றும் வேண்டாம் என்று நீ சொன்னாய். நீ சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உன் முயல் கூண்டைத் திறந்ததும் இரும்பு பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிட்டாய். நான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். "உண்ணி எங்கேப்பா, காட்டுங்கோ" என்றாய். போனைப் பீரோவுக்கு அடியில் நீட்டினேன். இருட்டில் கண் மட்டும் தெரிந்தது. அனகா சிரித்துக்கொண்டே, அச்சன் மடியில் என்றால் அது தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்றாள். அந்தப் பெண் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில், ஆரியசாலையில் அரிசி விலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, நாய் பூனைக்கெல்லாம் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். முயலுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டதும் கடைக்காரர் பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் சிரிக்கிற முயல் படம். ஒன்று யோகர்ட் டிராப்ஸ், வெள்ளையும் ரோஸுமாகச் சின்னச் சின்ன மிட்டாய். ஒன்று தேனில் விதைகளை ஒட்டிச் செய்த குச்சி. இன்னொன்று மக்காச்சோளம், பட்டாணி, உலர்ந்த பழம், கலர் கலராக ஏதோ பொரி எல்லாம் கலந்த மிக்சர். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதைத் தேடினேன் தெரியுமா? பச்சைப் புள்ளியை. நம் வீட்டில் பிஸ்கட் வாங்கினாலும் ஐஸ்கிரீம் வாங்கினாலும் அதைத்தானே முதலில் தேடுவோம். எல்லாப் பாக்கெட்டிலும் பச்சைப் புள்ளி இருந்தது. முயலும் சைவம், பாக்கெட்டும் சைவம், இதற்கு மேல் என்ன வேண்டும்? அதிலும் ஒன்று தயிர். சின்ன வயதில் உனக்கு வயிறு சரியில்லை என்றால் தயிர்சாதம், பரீட்சைக்குக் கிளம்பினால் தயிர்சாதம், ரயில் ஏறினால் தயிர்சாதம். தயிர் ஓர் உயிரைக் கெடுக்கும் என்று சொன்னால் நம் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பியிருக்கமாட்டேன்.

பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வெள்ளை மிட்டாயைத் தரையில் வைத்தேன். முதலில் மூக்கு வந்தது, அப்புறம் தலை, அப்புறம் முழு முயலும் வந்தது. மறுநாள் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடி வந்து என் முழங்காலில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றது. சாயங்காலம் மடியிலேயே ஏறிவிட்டது. உன் அம்மாவை வீடியோ எடுக்கச் சொன்னேன். உனக்கு அனுப்பினேன், நீ ஒரு இதயம் அனுப்பினாய். உன் அச்சனுக்கும் அனுப்பினேன். அவருக்கு எதற்கு அனுப்பினீர்கள் என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் அனகா கேட்பாள். வெறுப்பேற்றத்தான் அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பினார். உன் அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க முயலுக்குத் தீனி போடறேளா, அவருக்குப் போட்டி போடறேளா? ஏதாவது ஒண்ணைத் தீர்மானம் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னவனாக இருந்தபோது நான் ஆபீஸ் விட்டுச் சாலை பஜார் வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். பையில் தினமும் ஏதாவது இருக்கும். கடலைமிட்டாய், நேந்திரங்காய் சிப்ஸ், சில நாள் ஆரஞ்சு மிட்டாய். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நீ வாசலுக்கு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வாய். நாள் முழுக்க உன்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பாடம் சொல்லிக்கொடுத்தவள் உன் அம்மா. அவளிடம் நீ அப்படி ஓடி வந்ததில்லை. பிள்ளை உங்களைப் பார்த்து ஓடி வருகிறானா, பையைப் பார்த்து ஓடி வருகிறானா என்று அவள் ஒருநாள் கேட்டாள். பொறாமையில் கேட்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். உன் பால் பல்லெல்லாம் சொத்தையாகிப் பல் டாக்டரிடம் நீ அலறியபோதும் உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான், நான் ஆபீசில் இருந்தேன். இப்போது உண்ணி என் முழங்காலில் காலை ஊன்றி நிற்கும்போது அவள் கேட்டது ஞாபகம் வந்தது. வந்தும் என்ன, அடுத்த மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன்.

வீடியோ அனுப்பியதற்கு அடுத்த நாள் காலையில் கூண்டைப் பெருக்க உட்கார்ந்த உன் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள், தட்டில் புழுக்கையே இல்லை என்று. முதல் நாள் வைத்த புல் அப்படியே இருந்தது. கொத்தமல்லியை மூக்குக்கு நேரே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. தேன் குச்சியை நீட்டினேன், அதையும் பார்க்கவில்லை. மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டால் கல்லு மாதிரி இருந்தது. உனக்குப் போன் செய்யலாம் என்றால் அன்றைக்குத்தான் விசா ஆபீசில் உனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பயம். முயலுக்கு என்ன ஆகுமோ என்று மட்டும் இல்லை, அச்சன் கையில் இத்தனை நாள் நன்றாக இருந்தது அப்பா கையில் போய்விட்டது என்று நீ காலம் முழுக்க நினைப்பாயே என்றும்தான். அவரைக் கூப்பிடுங்கோ என்று உன் அம்மா சொன்னாள். ஆட்டோ கிடைக்கும் என்றேன் நான். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளே வேணு சாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

மனுஷர் முழங்கையில் பெயின்ட் காயாமல் வந்து நின்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கூண்டைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் காரை அன்னநடை போட்டு ஓட்டினார். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற பாறசாலைப் பக்கத்துப் பெண், நன்றாகத் தமிழ் பேசினாள். உண்ணியின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குடல் சத்தமே இல்லை, நின்றுபோயிருக்கிறது என்றாள். நான் பையிலிருந்த பாக்கெட்டுகளை மேஜையில் வைத்து, எல்லாம் பச்சைப் புள்ளி போட்டதுதான் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதற்கு இன்னும் அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். "சாரே, பாலு ஒங்களுக்குச் சைவம். இதுக்கு இல்ல. இது ஒங்களவிடப் பெரிய சைவமாக்கும்" என்றாள். தாய்ப்பால் மறந்த முயலுக்குப் பால், தயிர், சீஸ் எதுவும் செரிக்காதாம். அந்த மிட்டாயில் பாலும் சர்க்கரையும்தான் இருக்கிறதாம். சர்க்கரை உள்ளே போனால் குடலில் இருக்கிற நல்ல கிருமி குறைந்து கெட்டது பெருகிவிடும், வாயு கட்டும், வலியில் முயல் சாப்பாட்டை நிறுத்திவிடும், நிறுத்தினால் குடலும் நின்றுவிடும். நம்மைப்போல வாந்தி எடுத்து வெளியே தள்ளவும் முயலால் முடியாது. ஒருநாள் பார்ப்போம், தானாகச் சரியாகும் என்று விட்டிருந்தால் முயல் இருந்திருக்காது என்று சொல்லிவிட்டு ஊசி போட உள்ளே கொண்டுபோனாள்.

திரும்பி வந்தவள் மற்ற பாக்கெட்டுகளையும் விடவில்லை. இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள், ஏனென்றால் ஜெர்மனிக்குப் போயும் நீங்கள் இரண்டு பேரும் இன்னொரு முயலைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், அங்கே கடைகளில் இதைவிடப் பளபளப்பாக விற்பான். தேன் குச்சியில் இருக்கிற விதையின் தோல் தொண்டையில் சிக்கும், குடலை அடைக்கும், தேன் வெறும் சர்க்கரை. மிக்சரில் இருக்கிற மக்காச்சோளத்தின் தோல் செரிக்கவே செரிக்காது. உலர்ந்த பழம், திராட்சை எல்லாம் சர்க்கரை மூட்டை. அந்தக் கலர் பொரியும், நம் பிஸ்கட், ரொட்டி, சிப்ஸ் எல்லாமும் மாவும் எண்ணெயும் உப்பும்தான், அதன் வயிற்றுக்கு ஆகாதவை. சாக்லேட் விஷமே. காரட்டாவது கொடுக்கலாமா என்று கேட்டேன், படத்திலெல்லாம் முயல் கையில் அதுதானே இருக்கிறது. அதுவும் இனிப்புதான், என்றைக்காவது நகத்தளவு போதும் என்றாள். ஆசைக்குக் கொடுக்க வேண்டுமானால் கொத்தமல்லி, புதினா, விதை எடுத்த ஆப்பிள் ஒரு சின்னத் துண்டு. மற்றபடி புல், தண்ணீர், மறுபடி புல். பாக்கெட்டில் இருக்கிற படம் வாங்குகிற ஆளுக்காகப் போட்டது, தின்கிற முயலுக்காக இல்லை என்றும் சொன்னாள். எனக்காகத்தான் போட்டிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெளியே பெஞ்சில் நானும் வேணு சாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "சாமி, ஒரு காரியம் பறயட்டே? ஞானும் கொடுக்காறுண்டு. பிஸ்கட்" என்றார். அவரும் கொடுப்பாராம். டீயோடு தினமும் கொடுத்துப் பழக்கினாராம், அப்படித்தான் அது மடியில் ஏறக் கற்றுக்கொண்டதாம். மாரி பிஸ்கட், ஒன்றும் செய்யாது என்று நினைத்தாராம். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், முயல் உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவர் மேல் பாசத்தில் ஏறவில்லை, பிஸ்கட்டுக்கு ஏறியிருக்கிறது! அந்தச் சந்தோஷத்தோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது மடியில் இருந்தா பிள்ளேரு விளிக்கும், சாமி. இல்லெங்கில் எந்தினா விளிக்குன்னது?" என்றார். பிள்ளைகள் நம்மைக் கூப்பிடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா என்று கேட்கிறார். இதே கேள்வியைத்தானே நான் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அனகா காலேஜில் படிக்கும்போதே அவள் அம்மா போய்விட்டாள் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். சம்பந்தம் பேசும்போது கேட்டு, அடடா என்று சொல்லிவிட்டு மறந்துபோன செய்தி. அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வீட்டை நினைத்துப் பார்த்தேன். டீ போடுவதும் அவர், குடிப்பதும் அவர், மிச்ச பிஸ்கட்டுக்கு உண்ணி. எனக்கு வீட்டில் குத்திக்காட்டவாவது உன் அம்மா இருக்கிறாள்.

உண்ணி பிழைத்துக்கொண்டது, உனக்குத் தெரியும். டாக்டரம்மா கொடுத்த புல்மாவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் நானும் அவரும் மாற்றி மாற்றி ஊட்டினோம். முதல் புழுக்கை விழுந்தபோது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ பிறந்தபோதுகூட என் கையை யாரும் அப்படிக் குலுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நான் உன்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "பரவால்லப்பா, நீங்க டென்ஷன் ஆகாதேங்கோ" என்றாய். அவர் பிஸ்கட் விஷயத்தைச் சொன்னதும், "எந்தா அச்சா இது!" என்று சத்தமாகச் சிரித்து அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினாய். அவரும் சிரித்தார். என்னை ஏன்டா நீ திட்டவில்லை? நான் செய்தது பிஸ்கட்டைவிடப் பெரிய தப்பு. விருந்தாளியிடம் பேசுவதுபோல என்னிடம் பேசிவிட்டு அவரிடம் பிள்ளையாக இருந்தாய். இந்தப் பொறாமை மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

சரி, முடிவைச் சொல்கிறேன். உண்ணி வட்டியூர்க்காவுக்கே போகட்டும். அங்கே வீட்டைச் சுற்றிப் புல் இருக்கிறது, இங்கே சிமென்ட் முற்றம்தான். இது நீ மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வதற்கான காரணம். அவரிடம் நான் பேசிவிட்டேன், வேண்டாம் சாமி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மறுத்தார், நான் விடவில்லை. பிஸ்கட் டப்பாவை அவர் எங்கே ஒளித்து வைக்கிறார் என்று பார்க்க அடிக்கடி போவேன். கையில் கொத்தமல்லிக் கட்டோடுதான் போவேன், அது அவர் மடியை விட்டு இறங்கி என்னிடம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் எனக்கு. இந்த வயதில் திருந்தச் சொல்லாதே.

நீங்கள் போன பிறகு போன் அங்கேதான் போகும். போகட்டும், அவருக்கு அது வேண்டும். ஆனால் என்றைக்காவது நம் வீட்டுக்கும் கூப்பிடு. இங்கே திருப்பிக் காட்ட முயல் இருக்காது. நானும் உன் அம்மாவும் மட்டும்தான் இருப்போம். அப்படியும் கூப்பிடு.